கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே

வாசகர் கேள்வி – பதில்

ஸ்கூபா டைவிங் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நின்றன: கடலிலிருந்து கரையேறிய பிறகு எப்போது விமானம் ஏறலாம்? இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டோம். காது, பெட்டி கட்டுவது, மலைப்பாதை எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன.

கே: என் கடைசி டைவ் காலை 11 மணிக்கு முடிகிறது. விமானம் அன்றிரவு 9 மணிக்கு. விமானத்துக்குள்தான் காற்றழுத்தத்தைச் சரிப்படுத்தி வைத்திருக்கிறார்களே, பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும்?

ப: சரிப்படுத்தி வைத்திருக்கிறார்கள்தான். ஆனால் தரைமட்டத்து அளவுக்கு இல்லை. 35,000 அடியில் வெளியே காற்றழுத்தம் ஏறத்தாழ 0.24 பார். உள்ளே கடற்கரையில் இருப்பதுபோல் 1 பார் வைக்க வேண்டுமென்றால் விமானத்தின் கூடு இன்னும் வலுவாக, இன்னும் கனமாக இருக்க வேண்டும். எனவே 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் என்ன அழுத்தம் இருக்குமோ அதைத்தான் கேபினில் வைக்கிறார்கள். வழக்கமான பறப்பில் 8,000 அடி என்பது தாண்டக்கூடாத வரம்பு. அங்கே அழுத்தம் 0.75 பார். கார்பன் இழையால் ஆன கூடு கொண்ட போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ரகங்கள் கேபினில் 6,000 அடி அளவு அழுத்தத்தை, அதாவது 0.81 பாரை வைக்கின்றன. கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

இப்போது தண்ணீர்ப் பக்கம் வாருங்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் 1 பார் கூடும். 18 மீட்டரில் மொத்தம் 2.8 பார். அங்கே நீங்கள் சுவாசிக்கும் காற்றில் நைட்ரஜனின் பங்கழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு) மட்டுமே 2.2 பார், கரையில் அது 0.79 பார். இந்த வித்தியாசம்தான் நைட்ரஜனை ரத்தத்துக்குள்ளும், அங்கிருந்து தசை, கொழுப்பு, மூட்டு என்று எல்லா இடத்துக்கும் தள்ளுகிறது. மேலே வரும்போது அது மூச்சு வழியாகத் திரும்ப வெளியேற வேண்டும். மெதுவாக ஏறுவதும், 5 மீட்டரில் 3 நிமிடம் சேஃப்டி ஸ்டாப் நிற்பதும் அதற்காகத்தான். ஆனால் தலை தண்ணீருக்கு வெளியே வந்ததும் நைட்ரஜன் தீர்ந்துவிடுவதில்லை. வெளியேற்றம் கரையிலும் மணிக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கிறது.

அந்த நிலையில் விமானம் ஏறினால் சுற்றியுள்ள அழுத்தம் 1 பாரிலிருந்து 0.75க்கு இறங்குகிறது. விகிதத்தில் பார்த்தால் இது கடலில் 3.3 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வருவதற்குச் சமம். ஆக விமானம் உங்கள் டைவின் கடைசி ஏற்றம். வேறு எந்த ஏற்றத்துக்கும் போல, அதற்கு முன்பும் ஒரு ஸ்டாப் வேண்டும். அந்த ஸ்டாப்பைக் கரையில் நின்று கழிக்கிறீர்கள், நிமிடக் கணக்கில் இல்லாமல் மணிக் கணக்கில்.

சோடா பாட்டில் மூடியைத் திறந்தால் நுரை பொங்குவதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம். பாதிதான் சரி. சோடா திறந்த நொடியிலேயே பொங்கி அடங்கிவிடும். உடலில் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள், நோய் எதுவும் வராத டைவர்களின் ரத்தத்தில்கூட டைவ் முடிந்து மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியும். நுரையீரல் அவற்றை வடிகட்டிக்கொண்டிருக்கும்வரை தொல்லை இல்லை. அழுத்தம் குறைந்தால் இருக்கிற குமிழிகள் பெரிதாகும், பக்கத்துத் திசுவிலிருந்து இன்னும் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். இந்தக் குமிழிகளால் வருவதுதான் டிகம்ப்ரெஷன் நோய். உங்களுக்கு 10 மணி நேர இடைவெளி போதாது. விமானத்தை மறுநாளுக்கு மாற்றுங்கள், அல்லது அந்தக் கடைசி டைவை விட்டுவிடுங்கள்.

கே: பயிற்சியாளர் 12 மணி நேரம் என்கிறார். நண்பர் 18 என்கிறார். புத்தகத்தில் 24. எதை நம்புவது?

ப: மூன்றும் சரியே, மூன்றும் வேறு வேறு டைவர்களுக்கானவை. டைவிங் பாதுகாப்புக்கென இயங்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 2002இல் நிபுணர்களைக் கூட்டி வகுத்த பரிந்துரைதான் பொழுதுபோக்கு டைவிங்கில் இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஒரே ஒரு டைவ், அதுவும் டிகம்ப்ரெஷன் ஸ்டாப் (நைட்ரஜன் கழிய, மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்பது) தேவைப்படாத டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பல டைவ், அல்லது பல நாள் தொடர்ந்து டைவ் என்றால் குறைந்தது 18. டிகம்ப்ரெஷன் ஸ்டாப் கட்டாயமான டைவ் என்றால் 18ஐக் காட்டிலும் கணிசமாக அதிகம். நடைமுறையில் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முதலாவது, ‘குறைந்தது’ என்ற சொல். இரண்டாவது, இந்தப் பரிந்துரை 2,000 முதல் 8,000 அடி வரையிலான கேபின் உயரத்துக்கு (கேபின் அழுத்தம் எந்த உயர மலையின் அழுத்தத்துக்குச் சமமோ அந்த உயரம்) மட்டும். நடுவானில் கேபின் அழுத்தம் போய்விட்டால் என்னாகும் என்பது இந்தக் கணக்கில் இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குச் சொல்வது இன்னும் கறார்: 8,000 அடிக்கு மேல் பறப்பதாக இருந்தால் எந்த ஸ்கூபா டைவுக்குப் பிறகும் 24 மணி நேரம்.

பல நாள் டைவுக்கு ஏன் கூடுதல் நேரம் என்று கேட்பவர்களுக்கு: டைவ் கம்ப்யூட்டர்கள் (ஆழத்தையும் நேரத்தையும் அளந்து உடம்பின் நைட்ரஜனைக் கணக்கிடும் கருவிகள்) பலவற்றில் இருக்கும் ப்யூல்மான் கணக்கு, உடலை 16 வகைத் திசுக்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு அரைநேரம், அதாவது மிகையான நைட்ரஜனில் பாதி வெளியேற ஆகும் நேரம். வேகமான திசுவுக்கு 4, 5 நிமிடம். மிக மெதுவானதற்கு 635 நிமிடம். 5 நிமிடத் திசு அரை மணி நேரத்தில் 98 சதவீதத்தைக் கழித்துவிடும். 635 நிமிடத் திசு 12 மணி நேரத்தில் 54 சதவீதம், 18இல் 69, 24இல் 79 சதவீதம்தான் கழிக்கும். ஒரே ஒரு அரை மணி நேர டைவில் அந்த மெதுவான திசு அதிகம் ஏற்றிக்கொள்வதில்லை, எனவே 12 போதும். நாளுக்கு மூன்று டைவ் வீதம் நாலு நாள் இறங்கியவருக்கு அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டே வந்திருக்கும்.

கடிகாரத்தைக் கடைசி டைவிலிருந்து நீர்மட்டத்துக்கு வந்த நொடியிலிருந்து ஓடவிட்டு, விமானம் தரையைவிட்டுக் கிளம்பும் நேரம்வரை எண்ணுங்கள். படகு கரை சேர்ந்த நேரமோ, விமான நிலையத்தில் செக்-இன் செய்த நேரமோ கணக்கில்லை.

நம் கருத்து கேட்டால், பயணத் திட்டம் போடும்போதே 24 என்று போட்டுவிடுங்கள். இந்தப் பரிந்துரைக்கு அடிப்படையான ஆய்வுகள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து அழுத்த அறையில், நனையாமல், அசையாமல் உட்கார்ந்திருந்த தன்னார்வலர்களை வைத்து நடந்தவை. குளிரில் நீரோட்டத்தை எதிர்த்துக் காலை உதைத்து நீந்திவிட்டு வரும் நீங்கள் அவர்கள் இல்லை.

கே: 14 மணி நேரத்திலேயே என் டைவ் கம்ப்யூட்டரில் ‘இன்னும் பறக்காதே’ என்று காட்டும் விமானப் படம் மறைந்துவிட்டது. போகலாமா?

ப: அந்தப் படம் எந்தக் கணக்கில் மறைகிறது என்று கையேட்டைப் பாருங்கள். சில கம்ப்யூட்டர்கள் எந்த டைவாக இருந்தாலும் 24இலிருந்து பின்னோக்கி எண்ணும். சில, திசுக்களில் மிச்சமிருக்கும் நைட்ரஜனைக் கணக்கிட்டு, குறிப்பிட்ட கேபின் அழுத்தத்துக்கு அது பாதுகாப்பா என்று பார்க்கும். இரண்டாம் வகைதான் உங்களுடையது போலிருக்கிறது. அந்தக் கணக்குக்கு உங்கள் வயதோ, உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருப்பதோ, நேற்று இரவு தூங்காததோ தெரியாது. பல டைவ் போட்டிருந்தால் 18, கம்ப்யூட்டர் சொல்வது ஆகிய இரண்டில் எது பெரியதோ அதை எடுங்கள். கம்ப்யூட்டர் 18க்கு மேல் காட்டினால் அதற்கே கட்டுப்படுங்கள்.

இன்னொன்று: கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று. நேற்று நண்பர் கட்டியிருந்ததை இன்று நீங்கள் வாங்கிக் கட்டினால், அது காட்டும் நேரம் உங்கள் உடம்பைப் பற்றியது இல்லை.

கே: நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டி நைட்ரஜன் குறைத்த காற்று) சுவாசித்தேன். நைட்ரஜன் குறைவுதானே, காத்திருக்கும் நேரமும் குறையுமா?

ப: குறையாது. நைட்ராக்ஸ் டைவர்களும் பெரும்பாலும் அந்தச் சலுகையைத் தண்ணீருக்குள் நீண்ட நேரம் இருந்தே செலவழித்துவிடுகிறார்கள். மேலே வரும்போது சுமை ஏறக்குறைய அதேதான். பரிந்துரையும் நைட்ராக்ஸுக்குத் தனி எண் எதுவும் தரவில்லை. சாதாரணக் காற்றின் நேரவரம்பிலேயே நைட்ராக்ஸைப் பயன்படுத்தியிருந்தால் கூடுதல் பாதுகாப்பு கிடைத்திருக்கும். அதை அப்படியே பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆழ வரம்பை மறக்க வேண்டாம்: ஆக்சிஜன் பங்கழுத்தம் 1.4 பார் என்று வைத்தால் 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு 33 மீட்டர், 36 சதவீதத்துக்கு 28 மீட்டர்.

கே: விமானத்தில் இறங்கிய அன்றே டைவ் செய்யலாமா?

ப: நைட்ரஜனைப் பொறுத்தவரை தடையே இல்லை. விமானத்தில் அழுத்தம் குறைவாக இருந்ததால் உடம்பில் நைட்ரஜனும் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கும். தடை வேறு பக்கம். நீண்ட பறப்புக்குப் பிறகு தூக்கம் கெட்டிருக்கும், கேபினின் வறண்ட காற்றில் தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பீர்கள், மூக்கு அடைத்திருக்கும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள்.

கே: நாங்கள் விமானத்தில் போவதில்லை, டைவ் முடித்துக் காரில் திரும்புகிறோம். வழியில் 1,800 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்ட வேண்டும். பிரச்சினை உண்டா?

ப: உண்டு. உடம்புக்குச் சக்கரமும் தெரியாது, இறக்கையும் தெரியாது. 1,800 மீட்டர் என்பது ஏறத்தாழ 6,000 அடி, புதிய ரக விமானத்தின் கேபின் உயரம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 2,000 அடியிலிருந்தே தன் பரிந்துரையைத் தொடங்குகிறது. அமெரிக்கக் கடற்படையின் அட்டவணை இன்னும் கீழே, 1,000 அடியிலிருந்தே தொடங்குகிறது. எனவே கணவாய்க்கும் அதே 12, 18, 24. தாழ்வான சுற்றுப்பாதை இருந்தால் அதில் போங்கள்; இல்லையென்றால் அடிவாரத்தில் ஓர் இரவு தங்குங்கள். கிளம்பும் முன் பாதையின் உச்சபட்ச உயரத்தை வரைபடத்தில் பாருங்கள். சேருமிடம் கடல்மட்டத்தில் இருந்தாலும் நடுவில் உள்ள மேடுதான் கணக்கு.

அழுத்தம் பராமரிக்காத சிறு விமானம், ஹெலிகாப்டர், பாராகிளைடிங், வெப்பக்காற்று பலூன் எல்லாம் இதில் சேர்த்தி. அவற்றில் கேபின் உயரம் என்று தனியாக ஒன்று இல்லை. பறக்கும் உயரமே கேபின் உயரம். 3,000 மீட்டரில் பறக்கும் சிறு விமானம் பெரிய ஜெட்டைவிட உங்களுக்கு மோசம்.

மலை ஏரியில் டைவ் செய்பவர்கள் நேர்மாறான கணக்கையும் பார்க்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தவுடன் உடம்பில் அந்த உயரத்துக்கு மிகையான நைட்ரஜன் இருக்கும், ஏற்கெனவே ஒரு டைவ் போட்டதுபோல. அட்டவணைகள் அதை அப்படித்தான் கணக்கில் எடுக்கின்றன. கம்ப்யூட்டரில் உயர அமைப்பைத் தானாக மாற்றுமா, கையால் மாற்ற வேண்டுமா என்று கரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: டைவே செய்யாத விமானிகளுக்கும் இந்தக் குமிழி நோய் வருமாமே?

ப: வரும். அழுத்தம் பராமரிக்காமல் சுமார் 18,000 அடிக்கு மேல் போனால் தரையில் இயல்பாக உடம்பில் இருக்கும் நைட்ரஜனே குமிழியாகலாம். விண்வெளி வீரர்கள் நிலையத்துக்கு வெளியே நடக்கப் போகும் முன் நெடுநேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனைக் கழுவுவதும் இதனால்தான். அவர்கள் அங்கிக்குள் அழுத்தம் 0.3 பார் அளவே. இன்னும் பின்னால் போனால், உயிருள்ள உடம்பில் இப்படிக் குமிழி தோன்றியதை முதலில் பதிவு செய்தவர் ராபர்ட் பாயில், 1670இல். அவர் பார்த்தது டைவரை இல்லை. காற்றை வெளியேற்றிய பாத்திரத்துக்குள் வைத்த விரியன் பாம்பின் கண்ணில் ஒரு குமிழி அங்குமிங்கும் நகர்வதை.

கே: டைவ் முடிந்த மறுநாள் விமானம் இறங்கும்போது காது பயங்கரமாக வலித்தது. இரண்டு நாள் மந்தமாகவே கேட்டது. தண்ணீருக்குள் எனக்குக் காதுப் பிரச்சினையே வராது. ஏன்?

ப: ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று விரிந்து, தொண்டைக்குப் போகும் யூஸ்டேகியன் குழாய் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது வெளியிலிருந்து காற்று உள்ளே போக வேண்டும். அந்தக் குழாய் தானாகத் திறக்காது, நாம்தான் திறக்க வேண்டும். தண்ணீரில் இதை நீங்கள் மும்முரமாகச் செய்வீர்கள். விமானத்திலோ தூங்கிவிடுவீர்கள்.

எண்ணில் பாருங்கள். 8,000 அடிக் கேபினிலிருந்து தரைக்கு வருவது, விகிதத்தில் நீர்மட்டத்திலிருந்து 3.3 மீட்டர் இறங்குவதற்குச் சமம். தண்ணீரில் அது சில விநாடி வேலை, விமானத்தில் 20 நிமிடத்துக்கு மேல். அப்படியிருந்தும் காது அடைத்தது என்றால், குழாய் ஏற்கெனவே வீங்கியிருந்திருக்கிறது. நாலு நாள் தொடர்ந்து இறங்கி ஏறி, அவ்வப்போது காதைத் தாமதமாகச் சமன்செய்து, உள் சவ்வு சிவந்து நீர் கோத்திருக்கும். வலி தெரியாத அளவு காயம் அது. கடைசி நாள் ‘காதில் தண்ணீர் போனதுபோல்’ இருந்ததா? பல சமயம் அது வெளியே இருந்து போன தண்ணீர் இல்லை. நடுக்காதில் ஊறிய நீர்.

அடுத்த முறை விமானம் இறங்கத் தொடங்கும்போதே, அதாவது தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே விழித்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குங்கள். போதவில்லை என்றால் மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை, வலி தொடங்கும் முன்பே. வலி வந்தபின் பலமாக ஊதுவதுதான் பெரும் தவறு. அழுத்த வித்தியாசத்தில் குழாய் இறுகியிருக்கும்போது மூச்சைக்கட்டி முக்கினால் உட்காதுச் சவ்வு கிழியலாம். மூக்கடைப்பு இருந்தால் ஆக்சிமெட்டாசோலின் வகை மூக்குச் சொட்டு மருந்தை இறக்கத்துக்கு அரை மணி நேரம் முன் போடலாம். மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு இன்னும் கூடும். அதே மருந்தைப் போட்டுக்கொண்டு டைவ் செய்வது வேறு கதை: ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேலை தீர்ந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

தலைசுற்றல், காதில் விடாத இரைச்சல், திடீரெனக் கேட்காமல் போவது, இவற்றில் ஏதாவது டைவுக்குப் பின் வந்திருந்தால் விமானமே ஏறாதீர்கள். உட்காதுக் காயமாகவும் இருக்கலாம், உட்காதில் ஏற்பட்ட டிகம்ப்ரெஷன் நோயாகவும் இருக்கலாம்; இரண்டுக்கும் மருத்துவம் வேறு. காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் டைவ் விவரத்தையும் சொல்லிக் காட்டுங்கள்.

கே: பல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ப: உண்டு. அடைத்த பல்லின் கீழே காற்றுப்பை இருந்தால் ஏறும்போது விரிந்து வலிக்கும், அடைப்பே தெறித்து விழவும் கூடும். பல் பிடுங்கிய புண் ஆறும்வரை டைவ் வேண்டாம். விமானத்திலேயே பல் வலிக்கிறது என்றால் டைவுக்கு முன் பல் மருத்துவரைப் பாருங்கள்.

கே: விமானம் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து முழங்கையில் வலி, விரல்களில் மதமதப்பு. முந்தின நாள் டைவ் செய்திருந்தேன் என்று வையுங்கள். என்ன செய்ய வேண்டும்?

ப: உடனே பணிப்பெண்ணையோ பணியாளரையோ கூப்பிட்டு ‘நான் டைவ் செய்தவன், டிகம்ப்ரெஷன் நோயாக இருக்கலாம்’ என்று அதே சொற்களில் சொல்லுங்கள். ‘கை வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரைதான் வரும். ஆக்சிஜன் கேளுங்கள். விமானத்தின் கைச்சிலிண்டரில் பொதுவாக நிமிடத்துக்கு 2 அல்லது 4 லிட்டர்தான் வரும். டைவ் படகில் இருக்கும் 15 லிட்டர் முகமூடிக்கு இது ஈடாகாது, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு மேல். இடம் கிடைத்தால் மட்டமாகப் படுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் குடியுங்கள். மது வேண்டாம். விமானியிடம் விஷயம் போனால் கேபின் உயரத்தைக் குறைக்க முடியுமா, வழியில் இறங்க வேண்டுமா என்று அவர் தரையில் உள்ள மருத்துவர்களைக் கேட்டு முடிவெடுப்பார்.

அடுத்து நடப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விமானம் இறங்க இறங்க அழுத்தம் கூடும், குமிழி சுருங்கும், வலி குறையும். ‘சரியாகிவிட்டது’ என்று அடுத்த விமானத்தைப் பிடிக்க ஓடுவார்கள். குமிழி சுருங்கியிருக்கிறதே தவிரப் போகவில்லை. திசுவில் வீக்கம் தொடங்கியிருக்கும். இறங்கியதும் டைவிங் அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், ரீகம்ப்ரெஷன் சேம்பர் (நோயாளியை மறுபடி அழுத்தத்துக்குக் கொண்டுபோகும் அறை) உள்ள மருத்துவமனை எது என்று கேளுங்கள், தொடர் பயணத்தை ரத்து செய்யுங்கள்.

அறிகுறிகள் பெரும்பாலும் டைவ் முடிந்த சில மணி நேரத்துக்குள், அதாவது விமானம் ஏறும் முன்பே தலைகாட்டிவிடும். மூட்டில் ஆழமான மந்த வலி, தோலில் பளிங்குக் கோடுகள் போன்ற திட்டு, மதமதப்பு, காரணமில்லாத கடும் சோர்வு, நடை தள்ளாடுவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது. இவற்றில் எது இருந்தாலும் விமானம் ஏறக் கூடாது. எத்தனை மணி நேரம் ஆகியிருந்தாலும் சரி. படகிலேயே 100 சதவீத ஆக்சிஜன் கொடுங்கள். மறுபடி தண்ணீருக்குள் இறக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஹெலிகாப்டரில் கொண்டுபோக வேண்டியிருந்தால் பாதுகாப்பு அனுமதிக்கும் அளவுக்குத் தாழ்வாக, முடிந்தால் 300 மீட்டருக்குக் கீழே பறக்கச் சொல்வார்கள்.

சேம்பரில் பொதுவாகப் பயன்படுவது அமெரிக்கக் கடற்படையின் சிகிச்சை அட்டவணை 6. நோயாளியை 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான 2.8 பாருக்குக் கொண்டுபோய், இடையிடையே சாதாரணக் காற்றுக்கு இடைவெளி கொடுத்து ஆக்சிஜன் சுவாசிக்க வைத்து, படிப்படியாக மேலே கொண்டுவருகிறார்கள். நீட்டிப்பு இல்லாமலே 4 மணி 45 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு எப்போது பறக்கலாம் என்பது டைவிங் மருத்துவர் சொல்ல வேண்டியது.

கே: உபகரணங்களை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது? சிலிண்டரையும் எடுத்துப் போகலாமா?

ப: சிலிண்டரை விட்டுவிடுங்கள். சட்டப்படி முடியும், காலியாக, வால்வைக் கழற்றி, உள்ளே கண்ணால் பார்க்கும்படி திறந்திருந்தால். ஆனால் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் காலியாகவே 14 கிலோ. வழியெல்லாம் ஈரக்காற்று உள்ளே போகும். சேர்ந்த இடத்தில் உள்ளே பரிசோதித்து, ஓ-ரிங் மாற்றி, வால்வைப் பூட்டி நிரப்ப ஒருவரைத் தேட வேண்டும். ஈயக் கட்டிகளும் அப்படியே, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) கைப்பையில் எடுத்துப் போங்கள். கழுவிய பிறகு ஒருநாள் நிழலில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் (சிலிண்டரில் பூட்டும் பகுதி) தூசி மூடியைத் துடைத்து உலர்த்திப் பூட்டுங்கள். மூடிக்குள் நிற்கும் ஒரு சொட்டு உப்புநீர் ஃபில்டரைப் பச்சையாக்கிவிடும். ஹோஸ்களை அகலமான வட்டமாகச் சுற்றுங்கள். உலோக முனைக்கு ஒட்டி மடங்கும் இடத்தில்தான் ஹோஸ் வெடிக்கும். காற்றழுத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் இருந்தால் அது பையின் நடுவில் இருக்கட்டும். கைப்பிடி என்று நினைத்து யாராவது அதைப் பிடித்துத் தூக்குவார்கள். போகுமிடத்துச் சிலிண்டரில் யோக் வால்வா, டிஐஎன் வால்வா (ரெகுலேட்டரைப் பூட்டும் இரு வகைகள்) என்று முன்கூட்டியே கேட்டு அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர், மாஸ்க், எண்ணெய் நிரப்பிய முள் ஆழமானி எல்லாம் கைப்பையிலேயே.

பிசிடியை (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) தலைகீழாகப் பிடித்து, காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வை இழுத்து உள்ளே நிற்கும் நீரை முழுக்க வடியுங்கள். அரை லிட்டர் தண்ணீர் என்றால் பெட்டியில் அரைக் கிலோ. காற்றையும் வெளியேற்றிவிடுங்கள், 8,000 அடி அழுத்தத்தில் உள்ளே இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். கத்தி செக்-இன் பெட்டிக்கு.

விமான நிலையத்தில் உங்களை நிறுத்தப்போவது பெரும்பாலும் டார்ச்தான். டைவ் டார்ச்சைக் குளிர்விப்பது சுற்றியுள்ள தண்ணீர். பெட்டிக்குள் தற்செயலாக எரிந்தால் துணி கருகும் அளவு சூடாகும். எனவே பேட்டரியையோ பல்பையோ கழற்றி, எரியவே முடியாத நிலையில் வையுங்கள். பெரிய டார்ச்சுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதியும் வேண்டும். கழற்றிய லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டும், முனைகளில் டேப் ஒட்டி. வரம்பு வாட்-மணியில்: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 3.6 வோல்ட், 3.5 ஆம்பியர்-மணி செல் 12.6 வாட்-மணி, கவலையே இல்லை. 100 வரை தாராளமாகக் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு, உதிரியாக இரண்டு மட்டும். 11.1 வோல்ட், 13.5 ஆம்பியர்-மணி கேனிஸ்டர் டார்ச் (பேட்டரி தனிக் குப்பியில் இருப்பது) 150 வாட்-மணி ஆகிறது, அனுமதி கேட்க வேண்டியது. 160ஐத் தாண்டும் நீரடி ஸ்கூட்டர் பேட்டரிக்குப் பயணிகள் விமானத்தில் இடமில்லை.

கே: ஸ்நோர்கெலிங் செய்தாலும் காத்திருக்க வேண்டுமா? ஃப்ரீடைவிங்?

ப: நீர்மட்டத்தில் மிதந்து பார்க்கும் ஸ்நோர்கெலிங்குக்கு வேண்டாம். மூச்சடக்கி ஆழமாக, திரும்பத் திரும்ப இறங்கும் ஃப்ரீடைவர்களுக்கும் நைட்ரஜன் சேரும். மேலே சொன்ன எண்கள் அவர்களுக்காக எழுதப்பட்டவை இல்லை என்றாலும், தீவிரமாகப் பயிற்சி செய்த நாளுக்கு மறுநாள் பறப்பதே நல்லது.

கே: டைவ் முடித்து 5 மணி நேரம்தான் ஆகிறது. நாளை மதியம் இருந்த விமானத்தை நிறுவனம் இன்றிரவுக்கு மாற்றிவிட்டது. ஆக்சிஜன் சுவாசித்துவிட்டுப் போனால் ஆகாதா?

ப: கரையில் ஆக்சிஜன் சுவாசித்தால் நைட்ரஜன் வேகமாகக் கழியும் என்பது உண்மை, ராணுவ டைவிங்கிலும் விண்வெளிப் பயணத்திலும் கண்காணிப்போடு செய்கிறார்கள். எவ்வளவு நேரம் சுவாசித்தால் எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்று பொழுதுபோக்கு டைவருக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அட்டவணை கிடையாது. டைவ் படகின் ஆக்சிஜன் கிட் அவசரத்துக்கு உள்ளது, பயண வசதிக்கு இல்லை. சுடுநீர்க் குளியல், ஓட்டப்பயிற்சி, நிறையத் தண்ணீர் குடித்தல் எதுவும் இந்த நேரத்தைக் குறைக்காது. டைவுக்குப் பிறகான கடும் உடற்பயிற்சி குமிழியைக் கூட்டவே செய்யும்.

நேரத்தை மாற்றியது நிறுவனம்தான் என்பதால் வேறு விமானம் கேட்க உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது. டைவ் மையத்திடம் கடைசி டைவ் முடிந்த நேரம், ஆழம், டைவ்களின் எண்ணிக்கை குறித்த ஒரு கடிதம் வாங்கி, மருத்துவக் காரணம் என்று சொல்லிக் கேளுங்கள். கம்ப்யூட்டர் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டைவிங் காப்பீடு இருந்தால் பயண மாற்றத்தை ஏற்கிறதா என்று அவர்களையும் அழைத்துப் பாருங்கள். எதுவும் நடக்காவிட்டால் டிக்கெட்டை விட்டுவிட்டு நாளைக்குப் புதிதாக வாங்குங்கள்.